பிரேக் பிடித்தால் மட்டும் ஆடும் ஸ்டீயரிங்: பாலக்கோட்டு வாசகிக்கு ஒரு வாகனப் பொறியாளரின் பதில்

பாலக்கோடு வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர் கேட்டிருப்பதால் காரின் நிறுவனத்தையும் மாடலையும்கூட இங்கே விட்டுவிடுகிறேன். பதில் சொல்ல அவை தேவைப்படவும் இல்லை. ஏழு ஆண்டு ஓடிய சிறிய பெட்ரோல் கார். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களில் டிரம் பிரேக். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெரிந்தவர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருக்கிறார்கள். உடல்நிலை சரியில்லாத தந்தையைச் சேலம் மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால், தருமபுரி வழியாகத் தொப்பூர் இறக்கத்தைக் கடக்காமல் முடியாது.

பிப்ரவரியில் ஒரு பணிமனையில் முன்பக்க பிரேக் பேடுகளை, அதாவது டிஸ்க்கை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகளை, மாற்றியிருக்கிறார்கள். ஏப்ரலில் வேறொரு டயர் கடையில் நான்கு டயர்களும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். மே மாதம் வழியில் ஒரு டயர் பஞ்சரானபோது, வண்டியோடு வந்த ஸ்பேனரால் வீல் நட்டுகளைக் கழற்ற முடியாமல் கணவர் அதன்மேல் ஏறி மிதித்திருக்கிறார்; அவற்றில் ஒரு நட்டு மட்டும் கையாலேயே சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்ததாம். ஜூன் கடைசியில் அதிர்வு தொடங்கியது. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் இடவலமாக உதறுகிறது. வேகம் 60-க்குக் கீழே வந்ததும் குறைந்து, 40-க்குக் கீழே மறைந்துவிடுகிறது. பிரேக் பிடிக்காதபோது வண்டி அமைதியாக ஓடுகிறது. இரண்டு முறை அலைன்மெண்டும் பேலன்சிங்கும் செய்தும் பயனில்லை. ஒரு மெக்கானிக், டிஸ்க் பெண்ட் ஆகிவிட்டது, இரண்டையும் மாற்றுங்கள் என்கிறார். இன்னொருவர் லேத்தில் கொடுத்து மேற்பரப்பைச் சீவிக் கடைந்தால் போதும் என்கிறார். ஏபிஎஸ் வேலை செய்வதால் அப்படித்தான் இருக்கும் என்பது கணவரின் கருத்து. வண்டியை விற்றுவிடு என்பது தம்பியின் முடிவு. வாசகியோ, பணிமனைக்காரர் போலி பேடுகளைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று உறுதியாக நம்புகிறார். இந்த வண்டியில் தந்தையை அழைத்துச் செல்லலாமா, டிஸ்க்கை மாற்றுவதா கடைவதா, பணிமனையிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்பவை அவரது மூன்று கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்தப் பஞ்சர் செய்திதான். மூன்று நட்டுகள் மிதித்தும் அசையாமல் இருந்ததும் ஒன்று மட்டும் தளர்ந்திருந்ததும் உங்களுக்கு அன்றைய எரிச்சலாக மட்டும் தெரிந்திருக்கிறது. எனக்கு அது இந்த வழக்கின் முதல் சாட்சியாகத் தெரிகிறது. குற்றவாளி யார் என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. அளந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இதுவரை உங்கள் வண்டியைப் பார்த்த எவரும் ஒரு கருவியையும் கையில் எடுத்து எதையும் அளக்கவில்லை என்பதை உங்கள் கடிதத்திலிருந்தே தெரிந்துகொள்கிறேன். நான்கு பேர் நான்கு கருத்து சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் சரிபாருங்கள். தளர்ந்த வீல் நட்டும் வண்டியை உதற வைக்கும்; அதை அப்படியே விட்டால் சக்கரமே கழன்று போகும் அபாயம் உண்டு. பஞ்சருக்குப் பிறகு அந்தச் சக்கரத்தை யார் மாட்டினார்கள், எப்படி இறுக்கினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நட்டை இறுக்க வேண்டிய முறுக்கு விசை உங்கள் உரிமையாளர் கையேட்டில் இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் அது 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். அந்த விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் ஒருவரிடம் போய், எல்லா நட்டுகளையும் தளர்த்தி, எதிரெதிராக, அதாவது ஒன்றை இறுக்கியபின் அதற்கு நேரெதிரே உள்ளதை என்ற வரிசையில், சரியான அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குக் கூலி என்று பெரிதாக ஒன்றும் ஆகாது.

டயர் கடைகளில், நம் பக்கத்தில் ஏர் கன் என்று சொல்லும் காற்றழுத்தத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று இறுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள். நட்டுகளைக் கழற்ற அது நல்ல கருவி. ஆனால் கடைசி இறுக்கத்தையும் அதனாலேயே கொடுத்தால் தேவையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை எளிதில் ஏறிவிடும். அதுவும் ஒரு நட்டுக்கு ஒரு மாதிரி ஏறும். டிஸ்க் என்பது சக்கரத்துக்கும், அது மாட்டப்படும் சுழல் மையமான ஹப்புக்கும் நடுவே சிக்கியிருக்கும் ஒரு வார்ப்பிரும்புத் தட்டு. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நெருக்கினால் அது மிகச் சிறிதளவு சாய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது.

அதிர்வு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

பிரேக் பிடிக்கும்போது மட்டும் வரும் அதிர்வுக்கும் எப்போதும் வரும் அதிர்வுக்கும் காரணங்கள் வேறு. டயர் பேலன்ஸ் சரியில்லை என்றால் 80, 100 வேகத்தில் பிரேக்கைத் தொடாமலேயே ஸ்டீயரிங் நடுங்கும். அலைன்மெண்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். அது பிரேக் நடுக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆகவே நீங்கள் இரண்டு முறை கொடுத்த பணம் இந்தக் குறைக்குத் தொடர்பில்லாத வேலைக்குப் போயிருக்கிறது. புது டயர் போட்டபோது பேலன்சிங் செய்தது சரி. மறுபடியும் செய்தது வீண்.

ஏபிஎஸ் என்ற கணவரின் சந்தேகத்தை அடுத்து எடுத்துக்கொள்ளலாம். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கப் போகும்போதுதான் ஏபிஎஸ் வேலை செய்யும்: திடீரென்று ஓங்கி மிதிக்கும்போதும், ஈரச் சாலையிலும், மணல் கிடக்கும் இடத்திலும். அப்போது காலுக்கடியில் பெடல் வேகமாகத் துடிக்கும், கரகரவென்ற ஓசையும் கேட்கும். உலர்ந்த நெடுஞ்சாலையில் இதமாக மிதித்தாலே ஸ்டீயரிங் உதறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதைத் தள்ளிவிடலாம்.

ஸ்டீயரிங்கில் அதிர்வு தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம். இருக்கையிலும் தரையிலும் தெரிந்து ஸ்டீயரிங் அமைதியாக இருந்தால் பின்சக்கர டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை உண்டு. ஆளில்லாத மைதானம் போன்ற இடத்தில், உலர்ந்த சமதரையில், 30 வேகத்தில் போகும்போது கை பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே மெல்ல மெல்ல மேலே இழுக்க வேண்டும். அப்போது வண்டி விட்டுவிட்டுப் பிடிப்பதுபோல் குலுங்கினால் பின்பக்க டிரம்மைச் சந்தேகிக்கலாம். ஒரே சீராக வேகம் குறைந்தால் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பொத்தானை விடக் கூடாது, வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. பொதுச் சாலையில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

90-லிருந்து 60 வரை உதறல், அதற்குக் கீழே குறைந்து 40-க்குக் கீழே இல்லை என்ற உங்கள் கவனிப்பு மிகப் பயனுள்ளது. உங்கள் வண்டியின் அளவுச் சக்கரம் 80 வேகத்தில் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் சுழலும். டிஸ்க்கில் ஓரிடத்தில் குறை இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உதை, அதாவது நொடிக்குப் பன்னிரண்டு உதை. முன்பக்க சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் தம் இயல்பிலேயே ஏறத்தாழ இந்த எண்ணிக்கையில் அதிர விரும்புபவை. அதனால் அந்த வேகத்தில் மட்டும் சிறு உதையும் பெரிதாகத் தெரிகிறது. 40-க்குக் கீழே குறை மறைந்துவிடவில்லை, அதை உரக்கச் சொல்லும் துணை கிடைக்கவில்லை, அவ்வளவே.

இதிலிருந்து இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகங்களான லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், ஹப் பேரிங் ஆகியவற்றில் ஏதாவது தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால் சாதாரண உதையும் பூதாகரமாகிவிடும். ஏழு வயது வண்டியில், கிராமத்துச் சாலையில் தினமும் ஓடும் வண்டியில், ரப்பர் புஷ் வெடித்திருந்தால் வியப்பதற்கில்லை. டிஸ்க்கைப் பார்க்கும் நாளிலேயே வண்டியை ஜாக்கியில் ஏற்றி இவற்றையும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

‘டிஸ்க் பெண்ட்’ என்ற பேச்சு

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் எந்தப் பணிமனைக்குப் போனாலும் இந்தக் குறைக்கு இந்தப் பெயர்தான் சொல்வார்கள். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் வார்ப்பிரும்பு டிஸ்க் வெயிலில் வைத்த அப்பளம்போல் வளைவது அரிது. பெரும்பாலான வண்டிகளில் கெடுவது அதன் தடிமன். டிஸ்க்கின் ஒரு பகுதி மற்றப் பகுதியைவிட 0.02 மில்லிமீட்டர் கனமாகவோ மெலிதாகவோ இருந்தாலே ஓட்டுபவரின் கைக்கு எட்டிவிடும். நம் தலைமுடி ஒன்றின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத வேறுபாடு அது. கனமான இடம் பேடுகளுக்கு இடையே வரும்போது பிடி இறுகுகிறது, மெலிந்த இடம் வரும்போது தளர்கிறது. அந்த இறுக்கமும் தளர்வும்தான் உங்கள் கையில் உதறலாகத் தெரிகிறது.

அந்த வேறுபாடு எப்படி உண்டாகிறது என்பதில்தான் உங்கள் கடிதத்துக்கான விடை இருக்கிறது. டிஸ்க் சற்றுச் சாய்ந்து சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் கேலிபர், அதாவது பேடுகளைத் தாங்கி டிஸ்க்கின்மேல் அழுத்தும் கவ்வி, பக்கவாட்டில் நகரக்கூடிய வகை. பிரேக் பிடிக்கும்போது அது சாய்வுக்கு ஏற்பத் தானும் நகர்ந்துகொடுத்துவிடும். அதனால் சாய்வு மட்டும் இருக்கும்வரை உங்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பிரேக்கில் கால் வைக்காமல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும், சாய்ந்த பகுதி சுற்றுக்கு ஒருமுறை பேடை உரசிக்கொண்டே போகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் உரசிய இடம் தேய்ந்துவிடும். அல்லது பேடின் பொருள் அந்த இடத்தில் மட்டும் படியும். சாய்வு இவ்வாறு மெல்ல மெல்லத் தடிமன் வேறுபாடாக மாறுகிறது. காரணம் நடந்த அன்றே குறை தெரியாமல் வாரங்களோ மாதங்களோ கழித்துத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இனி உங்கள் தேதிகளைப் பாருங்கள். பேடு மாற்றியது பிப்ரவரியில். பேடு தரமற்றதாக இருந்தாலோ சரியாக உட்காராமல் இருந்தாலோ பொதுவாக முதல் சில வாரங்களிலேயே ஓசையோ இழுப்போ நடுக்கமோ காட்டியிருக்கும். ஏப்ரலில் டயர் மாற்றியபோது நான்கு சக்கரங்களும் கழற்றி மாட்டப்பட்டன. ஜூன் கடைசியில் உதறல் வந்தது. இடையில் பஞ்சர் சக்கரம் ஒருமுறை கழன்று மாட்டப்பட்டிருக்கிறது. என் ஊகம், சாய்வு ஏப்ரலிலோ மே மாதத்திலோ தொடங்கியிருக்க வேண்டும் என்பதே. பேடு பணிமனையை முழுவதுமாக விடுவித்துவிடவும் மனமில்லை. பேடு மாற்றும்போது, கேலிபர் நகர உதவும் ஸ்லைட் பின்களைத் துடைத்து உரிய கிரீஸ் போட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டு ஒரு பின் இறுகிக்கொண்டால், பேடு டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். அப்படியானால் வேறு அடையாளங்கள் தெரியும்: ஓடி நிறுத்தியபின் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் அதிகச் சூடாக இருக்கும், கருகிய வாடை வரும், ஒரே சக்கரத்தின் உள் பேடும் வெளி பேடும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருக்கும். நீங்கள் இவற்றில் எதையும் எழுதவில்லை. பேடு போலியா என்பதற்கும் நீங்கள் சொல்லும் ஒரே ஆதாரம் விலை குறைவாக இருந்தது என்பதுதான், அது போதாது.

எதை அளக்கச் சொல்ல வேண்டும்

சக்கரத்தைக் கழற்றியபின் டிஸ்க்கை நட்டுகளால் ஹப்போடு சேர்த்து இறுக்கி, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை டிஸ்க்கின் ஓரத்திலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே வைத்து, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினால் பக்கவாட்டு ஆட்டம் தெரியும். பல நிறுவனங்கள் இதற்கு 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரைதான் இடம் தருகின்றன. உங்கள் மாடலுக்குரிய எல்லை சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அடுத்து மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடங்களில் தடிமனை அளந்து எழுத வேண்டும். வெர்னியர் இதற்குப் போதாது. நாம் தேடும் வேறுபாடு அதற்குச் சிக்குவதே கடினம்.

அளவுகள் கையில் வந்தபின் டிஸ்க்கைக் கழற்றி, அது உட்காரும் ஹப்பின் முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே துரு பொருக்குத் தட்டியிருந்தால் அதுவே சாய்வை உண்டாக்கும். ஹப்பின் முகம் சிறியது, டிஸ்க் பெரியது என்பதால் உள்ளே இருக்கும் சிறு மேடு டிஸ்க்கின் விளிம்புக்கு வரும்போது ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, டிஸ்க்கை முன்பிருந்த இடத்திலிருந்து ஒரு போல்ட் தள்ளி மாட்டி, மறுபடி டயல் கேஜ் வைத்துப் பார்த்தால், செலவே இல்லாமல் ஆட்டம் எல்லைக்குள் வந்துவிடுவதும் உண்டு. எப்படி மாட்டினாலும் ஆட்டம் ஹப்பிலேயே இருக்கிறது என்றால் ஹப்பையும் பேரிங்கையும் பார்க்க வேண்டும்.

இவை அரை நாள் வேலைகூட இல்லை. உங்கள் வண்டி நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கருவிகள் இருக்கும்; இல்லையென்றால் ஓசூரைப்போல் இயந்திரத் தொழில் பெருகிய ஊரில் டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் கையாளத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அளவுகளைத் தாளில் எழுதித் தேதியும் கையொப்பமும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியில் மதிப்பெண்ணை வாயால் சொல்லிவிட்டுப் போக நீங்கள் யாரையும் விடமாட்டீர்கள். இங்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

மாற்றுவதா, கடைவதா

டிஸ்க்கின் மேல் அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்தபின் அந்த அளவுக்குக் கீழே போகுமானால் கடைவது என்ற பேச்சுக்கே இடமில்லை; மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது, விரைவில் மறுபடி கெடும், வெடிக்கவும் கூடும். போதிய தடிமன் இருந்தால் கடையலாம். ஆனால் லேத்தில் கடையும்போது டிஸ்க் லேத்தின் அச்சில் உட்காருகிறது, உங்கள் வண்டியின் ஹப்பில் அல்ல. லேத்தில் நேராக வந்த டிஸ்க், துரு ஏறிய ஹப்பில் மாட்டியவுடன் மறுபடி சாய்ந்துவிடும். வண்டியிலேயே வைத்துக் கடையும் இயந்திரம் இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். நம் மாவட்டங்களில் அது எளிதில் கிடைப்பதில்லை.

என் பரிந்துரை, ஏழு வயது வண்டியில் தடிமன் எல்லையை நெருங்கியிருந்தால் இரண்டு முன் டிஸ்க்குகளையும் பேடுகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள் என்பது. ஒன்றை மட்டும் மாற்றினால் இரு பக்கமும் பிடிப்பு வேறுபடும். சிறிய கார்களுக்கு இந்தச் செலவு சில ஆயிரங்களில் முடியும். ஆனால் ஹப்பைத் துடைக்காமலும் ஆட்டத்தை அளக்காமலும் புது டிஸ்க் போட்டால், சில ஆயிரம் கிலோமீட்டரில் இதே கடிதத்தை நீங்கள் மறுபடி எழுத வேண்டியிருக்கும். புது டிஸ்க் போட்ட பலருக்கு உதறல் திரும்பி வருவதும், கம்பெனிப் பொருளே சரியில்லை என்று அவர்கள் அடுத்த பிராண்டுக்குத் தாவுவதும் இதனால்தான். தம்பி சொல்வதுபோல் இதற்காக வண்டியை விற்க வேண்டியதில்லை. இந்தக் குறையோடு விற்கப் போனால், வாங்குபவர் பழுதுச் செலவைப்போல் பல மடங்கை விலையில் குறைப்பார்.

புது டிஸ்க்கின் மேல் துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் முழுவதும் துடைத்தபின்தான் மாட்ட வேண்டும். மாட்டியபின் நெரிசல் இல்லாத சாலையில் 60-லிருந்து 20 வரை மிதமாக வேகத்தைக் குறைப்பதை இடைவெளி விட்டுப் பத்து முறை அளவில் செய்யுங்கள்; ஒரு முறையும் முழுவதுமாக நிறுத்த வேண்டாம். அதன்பின் சில நிமிடம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேடின் பொருள் டிஸ்க் முழுவதும் ஒரே சீராகப் படிவதற்காக இது.

தந்தையோடு தொப்பூரில் இறங்கலாமா

நட்டுகளைச் சரிபார்த்துவிட்டீர்கள் என்ற நிபந்தனையோடு, நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் மட்டுமே இருந்தால் பிரேக் உடனே செயலிழந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினாலோ, பஞ்சுபோல் இருந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, இரும்பு இரும்போடு உரசும் ஓசை கேட்டாலோ, பிரேக் ஆயில் மட்டம் குறைந்திருந்தாலோ அந்த வண்டியில் எங்கும் போகாதீர்கள். இவற்றில் எதுவும் இல்லாவிட்டாலும், அடுத்த மருத்துவமனைப் பயணத்துக்கு வேறு வண்டி கிடைக்குமானால் அதையே தேர்ந்தெடுங்கள் என்பேன். ஸ்டீயரிங் உதறும்போது பயந்து பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுவது மனித இயல்பு. லாரிகளுக்கு நடுவே அந்த இறக்கத்தில் அது போதும், விபத்து நேர.

நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்ட மற்றொரு வரி எனக்குக் கவலை தந்தது: பெட்ரோல் மிச்சமாகும் என்று தொப்பூர் இறக்கத்தில் கணவர் வண்டியை நியூட்ரலில் விடுகிறார் என்பது. உங்கள் வண்டி போன்ற எரிபொருள் ஊசித் தெளிப்பு எஞ்சின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால், பெட்ரோல் செல்வதே பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் நின்றுபோகாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செய்வது செலவாகவும் ஆபத்தாகவும் முடிகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 25 மீட்டர் உயரம் இறங்கும்போது வண்டி பெறும் ஆற்றல், 80 வேகத்தில் ஓடும் ஆற்றலுக்குச் சமம். வண்டியின் எடை எதுவானாலும் இது மாறாது. அதாவது நூறு மீட்டர் இறக்கத்தை பிரேக்கை மட்டும் நம்பிக் கடப்பது, 80-லிருந்து நான்கு முறை முழுவதுமாக நிறுத்துவதற்கு ஈடான சூட்டை டிஸ்க்கில் ஏற்றும். காற்றும் உருளலும் சிறிது தடுக்கும். எஞ்சினை உதவிக்கு அழைத்தால் பெரும்பகுதி குறையும். இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது, தேவையானால் இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். காலை பிரேக்கில் தொடர்ந்து வைத்திருக்காமல், தேவைப்படும்போது உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிடுங்கள்.

இறக்கம் முடிந்து டீக்கடையிலோ சுங்கச்சாவடி வரிசையிலோ நிற்கும்போது பழுக்கச் சூடான டிஸ்க்கைப் பேடு ஒரே இடத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தால் அந்த இடத்தில் பேடின் பொருள் அச்சுபோல் ஒட்டிக்கொள்ளும். அதுவும் தடிமன் வேறுபாடுதான். இறங்கியபின் ஓரிரு கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிட்டு நிறுத்துங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

பிரேக் ஆயிலைப் பற்றியும் கேளுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த உத்தரவாதம் 155-க்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் வெறுமையாக உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. நீங்கள் வண்டி வாங்கிய பிறகு ஒருமுறையும் மாற்றியதாக எழுதவில்லை. உதறலோடு இதற்குத் தொடர்பில்லை. ஆனாலும் இந்த வேலையோடு சேர்த்தே செய்துவிடுங்கள்.

பணத்தை யாரிடம் கேட்பது

நான் வழக்கறிஞன் அல்ல. வண்டிகளைச் சோதித்து அறிக்கை தருபவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். பழுதுபார்ப்பும் டயர் மாட்டுவதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்கீழ் சேவைகள்தாம். குறை நேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட இந்தச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். தெரிந்தவர் தனிப்பட்ட முறையில் உங்களுக்கு விற்றது வணிகம் அல்ல என்பதால், அவர்மேல் இந்த வழியில் போவது பொதுவாக எடுபடாது. இரண்டு ஆண்டுக்குப் பின் எழுந்த குறைக்கு அவரைக் குற்றம் சொல்வதும் நியாயமாகாது.

ஆனால் எவரிடம் கேட்பதானாலும் இரண்டு கேள்விகளுக்கு ஆதாரம் வேண்டும்: அவர்கள் வேலையில் குறை இருந்ததா, அந்தக் குறையால்தான் டிஸ்க் கெட்டதா. பேடு பணிமனைமேல் இன்று உங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை. டயர் கடையின்மேல் நட்டுகளின் கதை இருக்கிறது. ஆனால் பஞ்சரின்போது வேறொருவர் சக்கரத்தைத் தொட்டுவிட்டார் என்று அவர்கள் சொன்னால் அதில் பாதி உண்மை இருக்கிறது. பஞ்சரானது எந்தச் சக்கரம் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அது பின்சக்கரமாக இருந்து, ஆட்டம் முன் டிஸ்க்கில் காணப்பட்டால், முன்சக்கரங்களை ஏப்ரலுக்குப் பின் யாரும் தொடவில்லை என்ற உங்கள் வாதம் வலுப்பெறும். பேலன்சிங்குக்காக இரண்டு முறை சக்கரங்கள் கழற்றப்பட்டதையும் மறக்க வேண்டாம். அது உதறல் தொடங்கிய பிறகு நடந்தது. அதற்கான ரசீதின் தேதிதான் அதைக் காட்டும். ஆகவே எல்லா ரசீதுகளையும் தேதிவாரியாக எடுத்து வையுங்கள். பழைய டிஸ்க்குகளையும் பேடுகளையும் பணிமனையில் விட்டுவிடாமல் எந்தப் பக்கத்தது என்று குறித்து வாங்கி வந்துவிடுங்கள்.

என் தனிப்பட்ட கருத்து: சில ஆயிரம் ரூபாய்க்காக ஆணையத்தின் படி ஏறுவதற்கு முன், அளவுத் தாளின் நகலை இணைத்து டயர் கடை உரிமையாளருக்கு மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள், கூலியையோ ஒரு பகுதியையோ ஏற்றுக்கொள்ளும்படி கேளுங்கள். உள்ளூரில் கடை நடத்துபவர் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவே விரும்புவார். மறுத்தால் அந்தக் கடிதமே பிறகு உங்கள் முதல் ஆவணமாகும். பேடு பணிமனைக்காரரிடம் போலிப் பொருள் என்று இதுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை என்றால், அளவுகள் வரும்வரை சொல்லாமல் இருங்கள்.

அளந்து முடித்தபின் இரு பக்க டிஸ்க்கின் ஆட்டமும் எட்டு இடத் தடிமனும் எல்லைக்குள்தான் இருக்கின்றன, புஷ்ஷும் பேரிங்கும் நன்றாக இருக்கின்றன, ஆனாலும் உதறல் நிற்கவில்லை என்றால், எதையும் வாங்கிப் போடாமல் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். கை பிரேக் சோதனையில் என்ன தெரிந்தது என்பதையும் அதோடு எழுதுங்கள்.